அரைப் பேர்

பதிவுத் தபாலில் வந்தது.
கையெழுத்தை வாங்கிக்கொண்டு
மழையோடு மழையாக நடந்துவிட்டார் தபால்காரர்.
எங்கள் இஸ்தோப்பில் ஒதுங்குவதும் நனைவதும் ஒன்றென்று
அவருக்கும் தெரியும்.

மூன்று பக்கம். இங்கிலீசு.
டிஸ்பென்சரி ரூபவதியின் மகன்
வாசித்துச் சொன்னான்:
நான் அவர்கள் பேரைக் கெடுத்துவிட்டேனாம்.
பதினான்கு நாளைக்குள்
ஐம்பது லட்சம்.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் வேறு.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
பதினேழரை என்றால்
அரைப் பேர்.
சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு ஒன்று என்று கழித்துக் கழித்து
இருபத்தேழு வருசம்
நிறுக்கிற கணக்கப்பிள்ளை என் பேரைப் பாதியாக வெட்டினார்.
ஒரு வக்கீலும் அதற்குக் கடிதம் எழுதவில்லை.

ஒரு பேர் ஆயிரத்து முன்னூற்றைம்பது.
பையன் போனில் கணக்குப் போட்டான்.
மூவாயிரத்து எழுநூற்று மூன்று பேர்.
"பன்னெண்டு வருசம், ஆன்ட்டி. காய்ச்சல் வராம இருந்தா."

நான் சொன்னது இவ்வளவுதான்.
மரண உதவிச் சங்கத்தில், சந்தாக் காசு எண்ணி முடித்த பிறகு
எழுந்து நின்று:
அட்டனில் அந்தக் கடையில் தகரம் வாங்காதீர்கள்.
பில்லில் ஒரு தடிப்பு, லொறியில் இன்னொரு தடிப்பு.
அவர் போன பிறகு வந்த ஈ.பி.எஃப். காசில்
முப்பத்திரண்டு தகரம் போட்டேன்.
இரண்டாம் மழைக்கே ஆணியைச் சுற்றித் துரு.
வெல்டிங் கடை ஜெகன் கவ்வி அளந்து பார்த்துவிட்டு
"பிஸ்கட் டின்னே இதைவிட மொத்தம்" என்றான்.
அதையும் சொன்னேன்.
கடிதத்தில் அதற்குத் தனிப் பந்தி.

வக்கீல் ஐயா நல்லவர். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.
உண்மை என்றால் தப்பலாம் என்றார்.
உண்மை மட்டும் போதாது, ஊருக்கு நன்மையாகவும் இருக்க வேண்டும்,
இரண்டையும் காட்ட வேண்டும்,
காட்டி முடிக்க நாலைந்து வருசம்,
முதலில் ஒரு லட்சம் கட்டினால் ஃபைல் திறக்கலாம்.
உண்மையை ஒரு தடவை திறந்து பார்க்க
எழுபத்து நாலு பேர்.

கையெழுத்து வைத்தேன்.
அதே கூட்டத்தில், அதே இடத்தில் நின்று
அவர்கள் டைப் அடித்துத் தந்ததை வாசித்தேன்.
'ஆதாரமற்றவை' வாயில் வரவில்லை.
இரண்டு தடவை திக்கினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பொருளாளர் ரசீதுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ் லயத்துப் பவளம் வந்தாள்,
மடியில் காசு.
"அக்கா, எந்தக் கடை?"
நான் வாயைத் திறக்கவில்லை.
மூலையில் முக்காலியைப் போட்டேன்.
தேத்தண்ணி ஊற்றினேன்.
அன்றைக்கு மழை என் பக்கம்.
கோப்பையில் ஒரு சொட்டு.
தள்ளி உட்கார்ந்தாள், தோளில் ஒன்று.
மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
காசை இன்னும் உள்ளே செருகிக்கொண்டு எழுந்தாள்.

மேல் டிவிஷன்காரர்கள் வந்தது மாசியில்.
நல்ல வெயில்.
வீடு காய்ந்து கிடந்தது,
ஒரு குற்றமும் செய்யாத தகரத்தின் கீழே.
"ஒங்க கூரை எப்பிடி?"
"மழை வரட்டும், பார்ப்போம்" என்றேன்.
அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால்
மூவாயிரத்து எழுநூற்று மூன்று.
தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

எதிர்மலையில் இப்போது ஐந்து கூரை புதுசு.
காலையில் கூடையோடு ஏறும்போது
கண் கூசுகிறது.
லொறியின் பக்கத்தில் தீட்டியிருந்த படத்தைப் பார்த்தே
எந்தக் கடை என்று தெரிந்துகொண்டேன்.
வைகாசிக்கு இன்னும் எழுபது நாள்.
மூன்றாவது கூரைக்குக் கீழே
பிறந்து நாற்பது நாளான பிள்ளை இருக்கிறது என்கிறார்கள்.